மங்கலும் மங்கலமும்: பழைய வேக வில்லைகளின் வழிபாடு குறித்து

ஒளிப்பட ஆர்வலரிடையே கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஒரு புதிய பக்தி இயக்கம் தலையெடுத்துள்ளது. அதன் வழிபடு தெய்வங்கள் பழைய தொலைப்பட வில்லைகள். அவற்றுள்ளும் 'வேக வில்லைகள்' எனப்படும் அகன்ற துவாரமுடையவையே மூலத்தானத்தில் வீற்றிருக்கின்றன. 1936இல் தோன்றிய சைஸ் நிறுவனத்தின் 180 மி.மீ. சொன்னார், 1970இல் வந்த நிக்கோர் 180, எழுபதுகளின் கனன் 300, 1988இல் வெளியான கனன் 200 எனத் தலங்களும் பல, தலபுராணங்களும் பல. இப்புராணங்களின் சாரம் ஒன்றே: இன்றைய வில்லைகள் கூர்மையானவை, ஆனால் உயிரற்றவை, பழைய கண்ணாடியிலோ 'குணம்' குடிகொண்டிருக்கிறது. அக்குணம் யாதென வினவின், மனிதனுக்குப் பின்னாலுள்ள உலகத்தை அது கரைத்துவிடும் பாங்கே விடையாகக் கிடைக்கும்.

இவ்வில்லைகள் வனப்புடையவை என்பதை மறுக்கவேண்டியதில்லை. பித்தளையும் அலுமினியமும் கண்ணாடியும் கொண்டு மனிதக் கை செய்த நுண்பொருட்களுள் அவை சிறந்தவை. மறுக்கவேண்டியது அவற்றின் பெயரால் இன்று பரப்பப்படும் அழகியலையே. ஒரு காலத்தில் ஒளியைப் பெறுவதற்காகக் கொடுக்கப்பட்ட விலை, இன்று வாங்கப்படும் பண்டமாகிவிட்டது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதனால் யார் படத்திலிருந்து வெளியேற்றப்படுகின்றனர் என்பனவே ஆராயத்தக்கவை.

முதலில் 'வேகம்' என்ற சொல். வில்லை எதுவும் ஓடுவதில்லை. குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுக்க வருவது துவார எண். 180 மி.மீ. குவியத்தூரமும் ஏறத்தாழ 64 மி.மீ. விட்டமுள்ள துவாரமும் கொண்ட வில்லையின் துவார எண் 2.8 ஆகும். எண் சிறுக்கச் சிறுக்க உட்புகும் ஒளி பெருகும்; ஒளி பெருகப் பெருகக் கமராவின் மூடி திறந்திருக்கவேண்டிய நேரம் குறுகும். வேகம் எனப்படுவது இந்த நேரச் சிக்கனமே. தொலைப்பட வில்லைக்கு இச்சிக்கனம் உயிர்நாடி போன்றது. தூரத்துப் பொருளைப் பெருப்பிக்கும் வில்லை, பிடித்திருப்பவனின் கைநடுக்கத்தையும் எதிரே ஓடுபவனின் அசைவையும் சேர்த்தே பெருப்பிக்கும்.

இவ்வரலாறு 1840இல் வியன்னாவில் தொடங்குகிறது. தாகெயரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டு ஓராண்டே ஆகியிருந்தது. அம்முறையில் முகமொன்றைப் பதிவுசெய்வதற்குப் பல நிமிடங்கள் அசையாதிருக்கவேண்டும். கணிதப் பேராசிரியரான யோசெப் பெற்ஸ்வால், கணக்கிடுவதில் தேர்ந்த பீரங்கிப் படையினரின் துணையோடு, துவார எண் ஏறத்தாழ 3.6 கொண்ட வில்லையொன்றை வகுத்தார். அக்காலத்து வேறெந்த வில்லையும் அதன் ஒளியை நெருங்கவில்லை. அசையாதிருக்கவேண்டிய நேரம் ஒரு நிமிடமளவிற்குச் சுருங்கியது. உயிருள்ள முகம் ஒளிப்படத்துக்கு உரிய பொருளாயிற்று. பெற்ஸ்வாலின் வில்லை படத்தின் நடுவிற் கூர்மையாகவும் ஓரங்களில் மங்கிச் சுழல்வது போலவும் வரையும். அச்சுழற்சி ஒளிக்காகச் சகித்துக்கொள்ளப்பட்ட குறை. 2013இல் அதே வில்லையின் மறுபதிப்பொன்று பித்தளை உடலோடு விற்பனைக்கு வந்தபோது, வாங்கியோர் முதன்மையாக விரும்பியது அந்தச் சுழற்சியைத்தான். அவர்கள் கமராக்களில் ஒளிக்குப் பஞ்சமிருக்கவில்லை.

அடுத்த பெரும் பாய்ச்சல் ஜேர்மனியில் நிகழ்ந்தது. லூட்விக் பேர்ற்றெலே என்ற இளம் வடிவமைப்பாளர் எர்னமான் நிறுவனத்துக்காக ஆக்கிய எர்னோஸ்ரார் வில்லையின் துவார எண் 2. அதனைத் தாங்கிய எர்மனொக்ஸ் என்னும் சிறு தகட்டுக் கமரா 1924இல் சந்தைக்கு வந்தது. 100 மி.மீ. குவியத்தூரமுடைய அவ்வில்லையைக் கண்டிப்பான பொருளில் தொலைப்பட வில்லை எனல் இயலாது. பின்வந்த வேகத் தொலைப்பட வில்லைகளுக்கு அது பாட்டன் முறை. அதனைக் கையிலெடுத்தவர் சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற எறிக் சலமொன். 1928இல் பெர்லின் நீதிமன்றமொன்றினுள் கமராவை மறைத்துக் கொண்டுசென்று, மின்னொளி வெடிமருந்தின்றி, அங்கிருந்த ஒளியிலேயே படமெடுத்தார். 1930இல் ஹேக் நகர மாநாட்டின்போது, போர் நட்டஈடு பற்றி நள்ளிரவு கடந்தும் பேசிக் களைத்த அமைச்சர்கள் கதிரைகளிற் சாய்ந்து கிடப்பதை அவர் எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது.

அப்படத்தைச் சற்று நின்று நோக்கவேண்டும். சலமொன் தமது வேக வில்லையைப் பயன்படுத்தியது ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தெடுப்பதற்காகவன்று. யார் யாருக்கு அருகில் அமர்ந்திருக்கிறார், யாருடைய கண் செருகுகிறது, யார் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார் என்பனவெல்லாம் அங்கே தெரியும். ஐரோப்பாவின் விதியை முடிவுசெய்தோர் எப்படிப்பட்ட அறையில், எந்நிலையில் இருந்தனர் என்பதைப் பொதுமக்கள் முதன்முறையாகக் கண்டனர். கதவு பூட்டிய அறைக்குள்ளே ஒளி குறைவு. அக்குறையை வெல்ல அகன்ற துவாரம் தேவைப்பட்டது. மங்கல் அங்கே தொழிலாளியின் கையிற் படியும் எண்ணெய் போன்றது. அவ்வெண்ணெய்க்காக எவரும் தொழிலாளியை வேலைக்கமர்த்துவதில்லை. யூதரான சலமொன் 1944இல் அவுஷ்விற்ஸ் வதைமுகாமிற் கொல்லப்பட்டார்.

அவரைக் கொன்ற ஆட்சியே 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கை நடத்தியது. சைஸ் நிறுவனத்தின் 180 மி.மீ. சொன்னார் அவ்விழாவையொட்டி வந்தமையால் 'ஒலிம்பியா சொன்னார்' எனப் பெயர்பெற்றது. பேர்ற்றெலே தமது பழைய எர்னோஸ்ராரிலிருந்து வளர்த்தெடுத்த சொன்னார் என்னும் வகையைச் சேர்ந்தது அது. வில்லைக் கண்ணாடிகளுக்கு ஒளித்தெறிப்பைக் குறைக்கும் மென்பூச்சு பூசும் முறையை அதே நிறுவனத்தின் அலெக்சாந்தர் சுமக்குலா 1935இற்றான் கண்டறிந்திருந்தார். அது பரவலாகாத காலத்தில், கண்ணாடிகளை ஒட்டிக் காற்றிடைப் பரப்புகளைக் குறைத்தமையே சொன்னாரின் சிறப்பு. அப்போது புதிதாக வந்திருந்த கொடாக்குறோம் வண்ணப் படச்சுருளின் உணர்திறன் இன்றைய அளவிற் பத்தைச் சூழ்ந்தது. இன்றைய கமராவோ ஆறாயிரத்து நானூற்றிலும் தடுமாறாது இயங்குகிறது. இவ்விரு எண்களுக்குமிடையிலுள்ள தூரத்தை மனங்கொள்ளாது அப்பழைய வில்லையின் துவாரத்தைப் பற்றிப் பேசுவது, கிணறில்லாத ஊரில் துலாவைப் புகழ்வதை ஒக்கும்.

போரின் பின் அதே 180 மி.மீ. சொன்னாரின் வழிவந்த வில்லைகளைக் கிழக்கு ஜேர்மனியின் யேனா நகரில் 'மக்களுக்குச் சொந்தமான தொழிலகம்' உற்பத்திசெய்தது. இன்று அவை தனிச்சொத்தின் பெருமிதமாக அலுமாரிகளில் அடுக்கப்படுகின்றன. வரலாற்றின் எள்ளல் சில வேளைகளில் மிகை நாடியது போலவே தோன்றும்.

எழுபதுகளில் யப்பானிய நிறுவனங்கள் இத்துறையைக் கைப்பற்றின. அவை எதனோடு போராடின என்பது இவ்விவாதத்துக்கு மிக வேண்டியது. குவியத்தூரம் நீளவும் துவாரம் அகலவும் வெவ்வேறு நிற ஒளிக்கதிர்கள் வெவ்வேறு இடங்களிற் குவியும் குறை பெருகும். குவியத்துக்கு முன்னாலுள்ள ஓரங்களில் ஊதா கலந்த செந்நிறமும் பின்னாலுள்ளவற்றிற் பச்சையும் படியும். இந்த நிறப் பிறழ்ச்சியை ஒழிப்பதற்காகக் கனன் நிறுவனம் புளோரைற்றுப் பளிங்கைச் செயற்கையாக வளர்த்து, 1969இல் 300 மி.மீ. வில்லையொன்றிற் பொருத்தியது. நிக்கோன் நிறுவனம் நிறங்களை மிகக் குறைவாகவே பிரிக்கும் தனிவகைக் கண்ணாடியை வார்த்தது. 1970இல் வந்த நிக்கோர் 180, 1981இல் அக்கண்ணாடியோடு மறுபிறவி எடுத்தது. பொறியியலாளர் ஒருதலைமுறைக் காலம் உழைத்தது குறைகளை ஒழிப்பதற்கு. அவர்கள் ஒழிக்க இயலாது விட்ட எச்சங்களுக்கே இன்று 'குணம்' எனப் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பிறழ்ச்சியைப் போற்றுவோர் அதனை வென்றவரின் உழைப்பை அறியார். வில்லையைக் கொண்டாடி, அதைச் செய்தவரின் நோக்கத்தை மறப்பது எவ்வகைக் கொண்டாட்டம் என்பது விளங்கவில்லை.

மங்கல் எவ்வாறு பிறக்கிறது என்பதையும் இவ்விடத்திற் கூறிவிடலாம். தொலைப்பட வில்லை தூரங்களை 'நெருக்குகிறது' என்ற பரவலான கருத்துத் தவறானது. அந்நெருக்கம் எடுப்பவன் நிற்கும் தூரத்தால் விளைவது, வில்லையால் அன்று. பின்னணி கரைவதோ துவாரத்தின் விட்டத்தைப் பொறுத்தது. மிகத் தொலைவிலுள்ள ஓர் ஒளிப்புள்ளி, குவியப்படுத்தப்பட்ட முகம் இருக்கும் தளத்தில் அளந்தால், துவாரத்தின் விட்டத்துக்குச் சமமான வட்டமாக விரிந்து தோன்றும். 300 மி.மீ. குவியத்தூரத்தை 2.8ஆல் வகுத்தால் 107 மி.மீ. மனித முகத்தின் அகலம் ஏறத்தாழ 150 மி.மீ. ஆகவே தொலைவிலுள்ள ஒவ்வொரு புள்ளியும், மரத்தின் ஒவ்வோர் இலையும், வீதியில் நிற்கும் ஒவ்வொரு மனிதனும், முகத்தின் முக்காற்பங்கை எட்டும் அகலமான தூரிகையாற் பூசப்படுவர். கனன் 200இன் தூரிகை 111 மி.மீ. ஐந்து மீற்றர் தொலைவில் நிற்பவரை அந்த 300 மி.மீ. வில்லையால் முழுத் துவாரத்தில் எடுத்தால் கூர்மையாக அமையும் ஆழம் நாலரைச் சென்ரிமீற்றர். மூக்கு நுனியிலிருந்து கண்வரை அது போதும். காது உலகத்தோடு சேர்ந்து கரையத் தொடங்கிவிடும்.

இக்கரைவுக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் தனிப் பெயர் இருக்கவில்லை. 'பொக்கே' என்னும் யப்பானியச் சொல்லை 1997இல் அமெரிக்க ஒளிப்படச் சஞ்சிகையொன்று தன் வாசகருக்கு அறிமுகஞ்செய்தது. பெயர் வந்ததும் பொருள் பண்டமாயிற்று. பண்டமானதும் தரங்கள் வகுக்கப்பட்டன. மங்கல் வட்டத்தின் ஓரம் மென்மையானதா, வளையமிட்டதா, படத்தின் மூலையிற் பூனைக்கண் போல ஒடுங்குகிறதா என்றெல்லாம் ஓர் இலக்கணமே எழுந்தது. கோளப் பிறழ்ச்சியை எவ்வளவு திருத்தாது விட்டால் பின்னணி வட்டம் மென்மையாகும் என்பது இயற்பியலில் உண்மைதான். அதனை அறிவது நன்று. எனினும், தெளிவாகக் காணவேண்டியதை விட்டுத் தெளிவின்மையை வகைப்படுத்துவதற்கு ஒரு தலைமுறை தன் கண்களைப் பழக்கியிருப்பது அறிவு வளர்ச்சியின் அடையாளமாகாது.

சந்தையும் தன் பங்கைச் செய்தது. கனன் நிறுவனம் 1987இல் தன் வில்லைப் பொருத்தியை முற்றாக மாற்றியபோது, 1971 முதல் விற்கப்பட்ட வில்லைகள் அனைத்தும் ஒரே நாளில் அநாதைகளாயின. தொழில்முறை ஒளிப்படக்காரர் பெரும் பணங்கொடுத்து வாங்கிய தொலைப்பட வில்லைகள் புதிய கமராக்களில் ஏறவில்லை. பின்னர், ஆடியை நீக்கிய மெல்லுடற் கமராக்கள் தோன்றின. 2013இல் சொனி வெளியிட்ட முழுச்சட்டகக் கமராவில் வில்லைப் பொருத்திக்கும் உணரிக்குமிடையே 18 மி.மீ. தூரமே இருந்தது, பழைய கனனுக்கு வேண்டியது 42, நிக்கோனுக்கு 46.5. இடையிலுள்ள வெளியை ஓர் உலோக வளையத்தால் நிரப்பினாற் போதும். அநாதைகள் மீண்டும் குடும்பத்திற் சேர்ந்தனர். முன்னர் கேட்பாரற்றுக் கிடந்தவற்றின் விலை ஏறத் தொடங்கியது.

இம்மீட்சியில் ஒரு நன்மை உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. புதிய வேகத் தொலைப்பட வில்லையின் விலை சாதாரண மாணவனுக்கோ சிறு செய்தித்தாளின் படப்பிடிப்பாளனுக்கோ எட்டாக் கனி. பழைய 135 மி.மீ. வில்லையொன்று பல மாதச் சேமிப்பில் வாங்கக்கூடியது. அதனைத் திருகாணிகளைக் கழற்றித் திறக்கலாம், பூஞ்சணத்தைத் துடைக்கலாம், காய்ந்த பசையை மாற்றலாம். மின்சுற்றுப் பழுதானால் முழுதும் குப்பையாகும் இன்றைய பண்டங்களின் நடுவே, ஐம்பது ஆண்டு கழிந்தும் வேலைசெய்யும் கருவி மதிப்புக்குரியதே. கையால் குவியப்படுத்துபவன் எதைக் கூர்மையாக்குவது என்பதைத் தானே தீர்மானிக்கவும் வேண்டியிருக்கிறது. இக்காரணங்களுக்காகப் பழைய வில்லையை நாடுவோரோடு எவருக்கும் பிணக்கில்லை. ஆனால், 'குணம்' என்ற மந்திரச்சொல் விலையை ஏற்றியதும் முதலிற் சந்தையிலிருந்து தள்ளப்பட்டவனும் அவ்வேழை மாணவனே.

இனி மையமான வினாவுக்கு வரலாம். பின்னணியை அழித்தால் அழிவது என்ன?

1984இல் பாகிஸ்தானின் பெஷாவர் நகருக்கு அண்மையிலிருந்த நாசிர் பாக் அகதி முகாமில், பாடசாலைக் கூடாரமொன்றினுள், அமெரிக்கரான ஸ்ரீவ் மக்கறி ஓர் ஆப்கானியச் சிறுமியைப் படமெடுத்தார். 105 மி.மீ. நிக்கோர் வில்லை, துவார எண் 2.5, கொடாக்குறோம் 64 படச்சுருள். 1985 யூனில் 'நஷனல் ஜியோகிறபிக்' சஞ்சிகையின் அட்டையில் வந்த அப்படம் உலகெங்கும் பரவியது. பழைய நிக்கோர் 105இன் பெருமை பேசுவோர் முதலிற் காட்டும் சான்றும் அதுவே. பச்சைக் கண்கள், கிழிந்த செந்நிறப் போர்வை, பின்னால் பச்சை நிறமான ஒரு மங்கற்பரப்பு. முகாம் எங்கே? கூடாரம் எங்கே? அருகில் அமர்ந்திருந்த மற்றச் சிறுமியர் எங்கே? சோவியத் படைகள் 1979இல் அந்நாட்டினுட் புகுந்தமையால் இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோருள் ஒருத்தி, இடமுமின்றிச் சுற்றமுமின்றி, இரு கண்களாக எஞ்சினாள். அவளுடைய பெயரும் அப்போது எழுதப்படவில்லை. அதே ஒளிப்படக்காரர் 2002இல் மீண்டும் தேடிச்சென்று கண்டபோதுதான் உலகம் அவளுக்கும் ஒரு பெயருண்டு என அறிந்தது. பதினேழு ஆண்டுகள் அவள் 'ஆப்கானியச் சிறுமி'. படம் ஆற்றல் வாய்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வாற்றல் அகதி வாழ்வை விளக்கும் ஆற்றலன்று. அகதியை அழகிய முகமாக மாற்றிப் பார்ப்பவனின் வரவேற்பறைக்கு ஏற்றதாக்கும் ஆற்றல்.

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தில் ஓர் ஒப்புமை தோன்றாமற் போகாது. அகத்திணை மரபிலும் தலைமக்கள் பெயர் சுட்டப்படுவதில்லை. ஆயின், நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளும், மரமும் மாவும் புள்ளும் தொழிலுமாகிய கருப்பொருளும் இன்றி உரிப்பொருள் அங்கே நிற்பதில்லை. பெயரை விட்டாலும் பின்புலத்தை விடாத மரபு அது. மனித உணர்வு அந்தரத்தில் தொங்குவதில்லை என்பதைத் தொல்காப்பியர் அறிந்திருந்தார். முழுத் துவாரத்தில் எடுக்கப்பட்ட படமோ பெயரையும் விட்டு, முதலையும் கருவையும் கரைத்து, உரியை மட்டும் தட்டில் வைத்துத் தருகிறது.

மறுதரப்பார் கூறும் வாதங்கள் இரண்டு. மனிதக் கண்ணும் ஒரு நேரத்தில் ஒன்றையே கூர்மையாகக் காண்கிறதன்றோ என்பது ஒன்று. காண்கிறது, ஆனால் கண் அசையும். முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் பின்னே நிற்பவனைப் பார்க்க விரும்பினால் அக்கணமே அவன் தெளிவாவான். படத்திற் கரைந்தவன் எத்தனை முறை பார்த்தாலும் கரைந்தே கிடப்பான். பார்ப்பவனுக்குரிய தெரிவை எடுப்பவன் ஒரேயடியாகப் பறித்துக்கொள்கிறான். சினிமா விமரிசகர் அந்த்ரே பஸான் ஆழக் குவியத்தை ஆதரித்தமைக்கு இதுவே காரணம். 1941இல் வெளிவந்த 'சிற்றிசன் கேன்' படத்தில், வீட்டினுள்ளே தாய் மகனைப் பிறர் பொறுப்பில் ஒப்படைக்கும் பத்திரத்திற் கையெழுத்திடுகிறாள். யன்னலுக்கு வெளியே, தன் விதி எழுதப்படுவதை அறியாத சிறுவன் பனியில் விளையாடிக்கொண்டிருக்கிறான். ஒளிப்பதிவாளர் கிறெக் ரோலண்ட் இரண்டையும் தெளிவாக வைத்தார். அக்காட்சியை இன்றைய பக்தர் ஒருவர் தம் தொலைப்பட வில்லையால் எடுத்திருப்பின் சிறுவன் வெண்மையான ஒரு கறையாகியிருப்பான். கறையின் மென்மை குறித்து விவாதமும் நடந்திருக்கும்.

ஓவியரும் பின்னணியை இருளில் மறைத்தனரே என்பது மற்றது. றெம்பிரான்ற் மறைத்தார். எனினும் அவர் மறைத்த ஒவ்வோர் அங்குலமும் தெரிந்து மறைக்கப்பட்டது. வில்லைக்குத் தெரிவு இல்லை. அது தூரத்தை மட்டுமே அறியும். குப்பைத்தொட்டியையும் குழந்தையையும், இரண்டும் ஒரே தூரத்தில் நின்றால், ஒரே அளவிற் கரைக்கும்.

இவ்விவாதத்தில் உண்மையாகவே தடுமாறச் செய்பவர் ஒருவர் உளர். அவர் ஜூலியா மார்கிறட் கமரன். 1860களில் இங்கிலாந்தில் பெரிய கண்ணாடித் தகடுகளில், நீண்ட குவியத்தூரமுடைய வில்லைகளால், நெருங்கி நின்று முகங்களை எடுத்தவர். குவியம் பிசகியதென்று அக்காலத்து விமரிசகர் பழித்ததை அவர் பொருட்படுத்தவில்லை. மென்மையைத் தம் நோக்கமாகவே கொண்டார். அவருடைய ஹேர்ஷெல், ரெனிசன், கார்லைல் ஆகியோரின் முகங்களில் மங்கல் வெறும் அலங்காரமன்று. அது சிந்திக்கும் மனிதனின் நிலையாமையைத் தொடுகிறது. வில்லைப் பக்தர்களுட் பெரும்பாலோருக்கு இல்லாத காரணம் அவரிடம் இருந்தது என ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

ஆனால் அவருடைய கதை இங்கிலாந்தில் முடியவில்லை. அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், இலங்கை மாணவர் பாடநூலிற் பயிலும் கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் கமரனே. இலங்கையில் அவர்களுக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இங்கு வந்து குடியேறிய ஜூலியா கமரன் 1879இல் மலைநாட்டிற் காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். இங்கும் அவர் படமெடுத்தார், எஞ்சியுள்ளவை சிலவே. இங்கிலாந்தில் எடுத்த பெருமக்களின் முகங்களை அவர்தம் பெயராலேயே உலகம் அறியும். 1878இல் இங்கு எடுத்த படமொன்று 'களுத்துறைக் குடியானவர் குழுவொன்று' எனவே வழங்குகிறது. அதிலுள்ளோர் யாவர், யாருடைய நிலத்தில் உழைத்தனர், அன்று கமராவின் முன் எவ்வாறு நிறுத்தப்பட்டனர் என்பதைக் கூற அப்படத்தின் தலைப்பில் ஒரு சொல்லுமில்லை. பெயரறிந்த பெரியோரின் பின்னணியைக் கரைத்தால் அவர்தம் நூல்களும் வாழ்க்கை வரலாறுகளும் அவ்விடத்தை நிரப்பும். பெயர் எழுதப்படாதவரின் பின்னணியைக் கரைத்தால் நிரப்புவதற்கு எதுவும் இல்லை. அவர் யார் என்பதைச் சொல்ல எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி, அவருக்குப் பின்னாலுள்ள சுவரும் மரமும் வீதியுமே. விளையாட்டு வீரனையோ அரங்கப் பாடகனையோ வேகத் தொலைப்பட வில்லையால் எடுப்பதற்கும், வீதியோர வியாபாரியை அதே வில்லையின் முழுத் துவாரத்தால் எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இப்பொழுது மங்கலுக்கு வில்லைகூடத் தேவைப்படுவதில்லை. 2016இல் அப்பிள் நிறுவனம் தன் கைத்தொலைபேசியில் அறிமுகஞ்செய்த முறை, பின்னணியைக் கணக்கிட்டுக் கரைக்கிறது. பட்டாணியளவு வில்லையினூடாக வந்த தெளிவான உலகம், பதிவான பின்னரே வேண்டுமென்று அழிக்கப்படுகிறது. ஒளியைத் தேடி 1840இற் புறப்பட்ட பயணம், ஒளியோடு எவ்விதத் தொடர்புமற்ற ஓரிடத்தை வந்தடைந்திருக்கிறது. இதனைக் கண்டு பழைய வில்லையின் அடியார்கள் முகஞ்சுளிக்கின்றனர். செயற்கை மங்கல் என இகழ்கின்றனர். தொலைபேசி செய்வதும் அவர்கள் செய்வதும் ஒரே காரியம். தொலைபேசி மலிவாகச் செய்கிறது என்பதே அவர்தம் மனத்தாங்கல்.

1932இல் சான் பிரான்சிஸ்கோவிற் கூடிய அன்சல் அடம்ஸ், எட்வேட் வெஸ்ரன் முதலியோர் தம் குழுவுக்கு மிகச் சிறிய துவாரமொன்றின் எண்ணாகிய 64ஐயே பெயராகச் சூட்டிக்கொண்டனர். முன்னிருக்கும் கல்லும் பின்னிருக்கும் மலையும் ஒருங்கே தெளிவாதல் வேண்டும் என்பது அவர்தம் கட்சி. அவர்களுடைய மலைகளிற் பெரும்பாலும் மனிதர் இல்லை என்பது வேறு கதை. 64 வரை செல்லவேண்டிய தேவையும் இன்றில்லை. 180 மி.மீ. வில்லையொன்றின் துவாரத்தை 11க்குச் சுருக்கினால் 64 மி.மீ. தூரிகை 16 மி.மீ. ஆகிவிடும், பின்னே நிற்பவர் ஆணா பெண்ணா, கையில் மண்வெட்டியா புத்தகமா என்பது தெரியத் தொடங்கும். அதற்குப் பதினாறு மடங்கு ஒளி கூடுதலாக வேண்டும். இன்றைய உணரிகள் அதனை எளிதில் ஈடுசெய்யும். யேனாவிற் செய்த சொன்னாராயினும் யப்பானிற் செய்த நிக்கோராயினும், வில்லையின் கழுத்திலே ஒரு வளையம் இருக்கிறது. அதில் 2.8ஐ அடுத்து 4, 5.6, 8, 11, 16 என்னும் எண்களும் பொறிக்கப்பட்டுள்ளன.